நகர்த்திய புள்ளிகள்

அக்கரை அம்மாவை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைக் கண்டால் ஆகாது. இதை இரண்டு பேருமே மறைத்ததில்லை. ஏழு வருஷமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை பத்து மணிக்குத் திரையில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு, இரண்டு நாடுகளுக்குப் பொதுவான ஒரு மழைக்காட்டைக் காப்பாற்றி வருகிறோம். காட்டின் நடுவே ஓடும் ஆறுதான் எல்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் வன அலுவலகம், அந்தப் பக்கம் அவர்களுடையது. நான் இங்கே வரைபடப் பிரிவு, அவர் அங்கே வரைபடப் பிரிவு. பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு எங்களுக்குள் எதுவும் வளரவில்லை. அவர் என்னை "சார்" என்பார். அந்த "சார்" காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். காட்டில் விதை மரங்கள் என்று சில உண்டு. வயதான, பெரிய மரங்கள். அவை போடும் விதையில்தான் சுற்றிலும் காடு மறுபடி முளைக்கிறது. எங்கள் பக்கம் நூற்றுப் பன்னிரண்டு, அவர்கள் பக்கம் எழுபத்தெட்டு. ஒவ்வொன்றிலும் எண் தகடு அடித்து, அது நிற்கும் இடத்தைக் குறித்து வைத்திருக்கிறோம். ஒரு கரையில் தெரிவது மறுகரைக்கும் தெரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். இங்கே ஒரு மரம் செத்தால் அங்கே எந்த இடத்தில் நாற்று வைக்க வேண்டும் என்று அப்போதுதான் புரியும். ஆனால் இந்த மரங்களின் வைரம் பாய்ந்த கட்டைக்காக மரத்திருடர்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைகிறார்கள். அதனால் வெளியே விடும் வரைபடத்தில் எந்த மரத்தையும் அது நிற்கும் இடத்தில் காட்டமாட்டோம். புள்ளியை வேண்டுமென்றே தள்ளி வைப்போம், அக்கரைக்குக் கொடுப்பதும் அதைத்தான். தள்ளி வைக்கிறவன் நான். இரண்டு கரைக்கும் சேர்த்து ஒரே வரைபடம் போடுவது எங்கள் அலுவலகத்தின் பொறுப்பு என்பதால், அக்கரை மரங்களின் உண்மையான இடமும் என்னிடம் வந்துவிடும்.

இரண்டு வருஷம் முன்பு வரை ஒவ்வொரு மரத்தையும் ஒவ்வொரு திசையில், கைக்கு வந்தபடி நகர்த்துவேன். அதற்குத்தான் அக்கரை அம்மா குதித்தார்.

"உங்க முப்பத்தொண்ணாம் நம்பர் மரம் எங்க ஆபீஸ் கேன்டீனுக்குள்ள நிக்குது சார்," என்றார் ஒரு செவ்வாய்க்கிழமை. "எது எதுக்குப் பக்கத்துலன்னே தெரியாத மேப்பை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஒரு மரத்துக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல இருக்கற தூரமாவது சரியா வரட்டும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அன்று மத்தியானமே இரண்டு கரைப் புள்ளிகளையும் எடுத்தேன். எல்லா மரத்தையும் ஒரே திசையில், ஒரே அளவு நகர்த்தினேன். கிழக்கே நாலு கிலோமீட்டர், வடக்கே மூன்று. எந்த மரமும் தன் இடத்தில் இல்லை, ஆனால் மரத்துக்கு மரம் தூரம் அச்சுப் பிசகாமல் இருந்தது. எப்படிச் செய்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. "இப்பதான் சார் உருப்படியா ஒண்ணு வந்திருக்கு," என்று அந்த அம்மா வாயாலேயே சொல்ல வைத்தேன். அந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றினோம். ஒரு வாரம் என் கால் தரையில் படவில்லை.

இந்த வருஷம் மழை விட்டதும் மரங்கள் விழ ஆரம்பித்தன. நாலு வாரத்தில் பதினொன்று, எல்லாம் எங்கள் பக்கம். திருடர்கள் தேடி அலைந்த தடமே கிடையாது. புதரை வெட்டிக்கொண்டு நேராக மரத்துக்குப் போயிருக்கிறார்கள், அறுத்திருக்கிறார்கள், வந்த வழியே போயிருக்கிறார்கள். பதினொன்றும் தகடு அடித்த விதை மரம். பக்கத்தில் நின்ற வேறு எதன்மீதும் ஒரு கீறல் விழவில்லை.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு எங்கள் இயக்குநரே வந்து உட்கார்ந்தார். எங்கள் கூட்ட அறையில் ஏசி ஓடினால் தண்ணீர் சொட்டும். அதற்கு ஒரு வாளி வைத்திருக்கிறோம். அவர் வாளிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "லிஸ்ட் வெளிய போயிருக்கு. எங்கேருந்து போச்சு?" என்று கேட்டார்.

"அக்கரையிலேருந்துதான்," என்றேன் நான், திரையைப் பார்த்தபடியே.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்ககிட்ட இருக்கறது நீங்க தள்ளி வச்சுக் குடுத்த புள்ளி சார். அத நம்பிப் போனா முள்ளுப் புதருக்குள்ளதான் போய் நிக்கணும். உங்க மரத்தோட உண்மையான இடம் உங்க வீட்டுக்குள்ளதான் இருக்கு. அங்க தேடுங்க."

சொன்னது சரி. அதுதான் எரிச்சல். எங்கள் மரங்களின் உண்மையான இடம் மூன்றே பேருக்குத் தெரியும். ஒருவர் இயக்குநர், அந்தக் கோப்பைத் திறக்கத் தெரியாதவர். ஒருவன் நான். மூன்றாவது ஆள் நூற்றுப் பன்னிரண்டு மரத்துக்கும் நடந்தே போய்த் தகடு அடித்த வனக்காவலன். அவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி.

அவனை எனக்குப் பிடிக்காததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சின்னக் காரணங்கள்தான், எல்லாம் சேர்ந்துவிட்டன. பதினாறு வருஷ வேலையில் நான் காட்டுக்குள் போனது இரண்டு தடவை. இரண்டாவது தடவை காலில் பன்னிரண்டு அட்டை கடித்து, ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தேன். அவன் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான். அது போதாதா? எந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் அந்தக் கதையை எடுத்துவிடுவான். "மாமா கம்ப்யூட்டர்லயே காடு மேய்ப்பார்," என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவி எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

விசாரணைக் குழு என்னிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தது. உண்மையான இடம் யார் யாருக்குத் தெரியும் என்று ஒரு கேள்வி. எழுதினேன். வேறு ஏதாவது கவனித்தீர்களா என்று கடைசியில் ஒரு கேள்வி. அதில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன். "வனக்காவலர் தன் குறிப்பேட்டை அலுவலகத்தில் ஒப்படைக்காமல் வீட்டுக்கு எடுத்துச் செல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. குறிப்பேட்டை அவன் வீட்டுக்கு எடுத்துப் போனான். என் வீட்டுக்கு. அலுவலகத்தில் வேலை தேங்கிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து புள்ளிகளை ஏற்றலாம் என்று நான்தான் கொண்டுவரச் சொன்னேன். என் சாப்பாட்டு மேசையில் அவன் படிக்க, நான் ஏற்றினேன். அதைப் படிவத்தில் எழுதவில்லை. யார் வீட்டுக்கு என்று அவர்கள் கேட்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். காவலர் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு பெட்டியும் ஒரு ஜோடி பூட்சுமாக அவன் வந்து இறங்கிய இடம் எங்கள் வீடு. வேறு எங்கே போவான்?

"எவனோ சாட்சி எழுதிக் குடுத்திருக்கானாம்," என்றாள் என் மனைவி, தட்டை மேசையில் வைத்தபடி. வைத்த வேகத்தில் தண்ணீர் டம்ளர் ஆடியது. "யாருன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. அவன் கை விளங்குமா?"

"விடுக்கா," என்றான் மச்சினன். "எழுதினவனுக்கு என்ன தெரிஞ்சுதோ அத எழுதியிருப்பான்."

"நீ சும்மா இரு. உனக்கு எல்லாருமே நல்லவங்கதான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க அங்கதானே உக்காந்திருக்கீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா? என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொல்றேன்," என்றேன். தட்டைக் காலி செய்தேன். மிச்சம் வைத்தால் ஏன் என்று கேட்பாளே.

அவன் ஹாலில் படுத்தான். காலையில் எனக்கு முன்னால் எழுந்து, பூட்ஸைத் துடைத்து வாசலில் வைப்பான். போவதற்கு இடம் கிடையாது, இருந்தும் துடைப்பான். அதைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும். யார் மேல் என்று அப்போது யோசிக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கரை அம்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"எங்க பக்கம் ஆறு மரம் போச்சு சார். நாலு நாள்ல ஆறு. அதே மாதிரி நேரா போய், நேரா வந்திருக்காங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "உங்க காவலருக்கு எங்க மரம் ஒண்ணுகூடத் தெரியாது. எங்க காவலருக்கு உங்க மரம் தெரியாது. ரெண்டு கரையோட உண்மையான இடமும் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். நான் குத்தம் சொல்லல. கணக்குப் போட்டுப் பாத்தேன், உங்ககிட்டதான் வந்து நிக்குது."

"நாக்க அளந்து பேசுங்க," என்றேன்.

"அளந்துதான் பேசறேன். இன்னும் அளக்காம பேசல."

இயக்குநர் அவசரமாகத் திரையை அணைத்தார். அறைக் கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். மனிதர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"உங்க மேல எனக்கு சந்தேகம் கிடையாது," என்றார். "உங்க மச்சினன் இப்ப உங்க வீட்டுலதானே இருக்கான்? நீங்க வீட்டுக் கம்ப்யூட்டர்லயும் வேலை பாக்கறீங்க. அதுலேருந்து எடுத்திருப்பான். அக்கரை மரம் வெளிய போனதுக்கும் அதுதான் வழி. அப்படி ஒரு சந்தேகம் இருக்குன்னு எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு போலீஸ்ல புகார் குடுத்துடறேன். அக்கரைக்கும் பதில் சொன்ன மாதிரி ஆச்சு, ஒப்பந்தமும் பிழைக்கும்."

"யோசிச்சு சொல்றேன்," என்று வெளியே வந்தேன்.

என் அறைக்குப் போய் வரைபடத்தைத் திறந்தேன். அந்த அம்மா சொன்னது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. இரண்டு கரை மரமும் ஒன்றாக இருக்கும் இடம் என் தலை மட்டும்தானா? இந்த வரைபடத்திலும் இருக்கிறதே. ஆனால் இதில் எல்லாமே தள்ளி வைத்த புள்ளி. இதை வைத்து எவனும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. புள்ளி ஒன்றின்மேல் அம்புக்குறியை வைத்தேன். பக்கத்தில் எழுத்து வந்தது: விதை மரம் எண் 1.

எண் 1 எங்கே நிற்கிறது என்பது ஊருக்கே தெரியும். காட்டின் நுழைவாயிலிலிருந்து பார்வையாளர் நடைபாதையில் இருபது நிமிஷம் நடந்தால் இருக்கிறது. சுற்றிலும் கம்பி, முன்னால் பலகை, பலகையில் கொட்டை எழுத்தில் அதன் எண். வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மறுநாள் புதன்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நுழைவாயிலுக்குப் போனேன். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு நடந்தேன். பலகைக்குப் பக்கத்தில் நின்று போனை எடுத்து, நான் நிற்கும் இடத்தைப் பார்த்தேன். அதே போனில் எங்கள் வரைபடத்தைத் திறந்து, எண் 1 எங்கே இருப்பதாகக் காட்டுகிறது என்று பார்த்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் கழித்தேன். கிழக்கே நாலு, வடக்கே மூன்று. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கத்தில் ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம் நகருங்க, மரம் மறையுது," என்றார்கள் என்னிடம்.

ஒரு மரத்தின் உண்மையான இடம் தெரிந்தால் போதும், மிச்சம் நூற்றெண்பத்தொன்பதும் கையில். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு திசையில் தள்ளியிருந்தால் இது நடந்திருக்காது. எண் 1-ஐ வரைபடத்திலிருந்து எடுத்திருந்தாலாவது நடந்திருக்காது. இந்தத் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவன்கூட இதை யோசித்திருப்பான். நான் யோசிக்கவில்லை, அந்த அம்மாவின் வாயை அடைப்பதிலேயே குறியாக இருந்தேன்.

இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. ஒரு மரத்தையாவது பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பக்கத்தில் இருந்தது எண் 17. வரைபடப் புள்ளியிலிருந்து நாலையும் மூன்றையும் கழித்தேன். போன் காட்டிய திசையில் நடைபாதையை விட்டு இறங்கினேன். முக்கால் மணி நேரம். வேர் தடுக்கி இரண்டு தடவை விழுந்தேன். காலில் என்னவெல்லாம் ஏறியது என்று குனிந்து பார்க்கவில்லை. போன் "வந்துவிட்டது" என்றபோது நிமிர்ந்தேன், எதிரில் தகடு: 17. மரம் நின்றுகொண்டிருந்தது. ஆனால் மறுபக்கம் போனபோது அடிமரத்தில் புதிதாக இரண்டு கத்தி வெட்டு. உள்ளே வைரம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். கீழே மூன்று தண்ணீர் பாட்டில். அறுக்க ஒரு நாள் குறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

திரும்பும் வழியெல்லாம் என் மூளை எனக்கு வக்கீலாக வேலை பார்த்தது. வரைபடத்தைச் சத்தமில்லாமல் இணையத்திலிருந்து எடுத்துவிடலாம். இயக்குநர் கேட்டதை எழுதிக் கொடுத்துவிடலாம். மச்சினனுக்கு எதிராகச் சாட்சி கிடையாது, எப்படியும் வெளியே வந்துவிடுவான். ஆனால் திருடர்கள் வரைபடத்தை எப்போதோ இறக்கி வைத்திருப்பார்கள். இப்போது எடுத்து என்ன பயன்? அவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று இரண்டு கரைக்கும் தெரிந்தால்தான் நிற்கும் ஒவ்வொரு மரத்தடியிலும் ஆள் போட முடியும். அதைச் சொல்ல வேண்டியவன் நான் ஒருத்தன்தான். எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி கடைக்குப் போயிருந்தாள். செருப்பைக் கழற்றியதும் மச்சினன் என் காலைப் பார்த்தான். நான் சிரிப்புக்குத் தயாரானேன். அவன் சிரிக்கவில்லை. உப்பு எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தான்.

"காட்டுக்கா போனீங்க மாமா?"

"ம்."

"எந்த மரம்?"

எந்த வழியாகப் போனேன் என்று கேட்கவில்லை. ஏன் போனேன் என்றும் கேட்கவில்லை. பதினேழு என்றேன். அடிமரத்தில் கத்தி வெட்டு இருக்கிறது என்றேன். உப்பு வைத்துக்கொண்டிருந்த கை நின்றது. எழுந்து வாசலுக்குப் போய் பூட்ஸை மாட்ட ஆரம்பித்தான்.

"எங்க போற?"

"ரெண்டு நாளுக்குள்ள வந்துடுவாங்க. வெட்டிப் பாத்துட்டுப் போனா அப்படித்தான்."

"உனக்கு உள்ள போக அனுமதி இல்ல. அந்த மரத்தடியில உன்னப் பாத்தா நீதான் திருடன்னு முடிச்சிடுவாங்க."

"தெரியும் மாமா. அதுக்காக மரத்த விட்டுட முடியுமா?" கயிற்றை இழுத்துக் கட்டினான். "அதுல தகடு அடிக்கும்போது மழை. நனையாம நிக்க இடம் குடுத்த மரம் அது."

அவன் ஒன்றும் நாடகம் போடவில்லை. போயேவிடுவான். போனால் பிடிபடுவான், பிடிபட்டால் என் வாக்கியத்தோடு இயக்குநரின் புகாரும் சேர்ந்து ஆளை உள்ளே தள்ளிவிடும். அவன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அவன் எதிரிலேயே இயக்குநருக்குப் போன் போட்டேன். பதினேழாம் மரத்துக்கு உடனே ஆள் அனுப்பச் சொன்னேன். திருடர்களுக்கு இடம் எப்படித் தெரிகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன், காலையில் அக்கரையையும் கூப்பிடுங்கள், என் மச்சினனும் வருவான் என்றேன். போனை வைத்தபோது மச்சினன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பெருமையாகப் பார்த்தான் என்றுதான் சொல்ல வேண்டும். நான் குனிந்து காலில் மிச்சமிருந்த உப்பைத் தட்டினேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கூட்டம். இயக்குநர், நான், மச்சினன், திரையில் அக்கரை அம்மா. துண்டுக் காகிதத்தை மேசையில் வைத்து ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒரே திசை, ஒரே அளவு, எண் 1, பலகை, கழித்தல். வாளியில் தண்ணீர் சொட்டியது.

"பதினேழு மரம் சார்," என்றார் அக்கரை அம்மா. "உங்க பதினொண்ணு, எங்க ஆறு. உங்க ரோஷத்துக்கு."

"நீங்க கேட்டுத்தானே செஞ்சேன்."

"தூரம் சரியா வரணும்னு கேட்டேன். வழி காட்டச் சொல்லிக் கேக்கல." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி, எனக்கும் இதுல பங்கு இருக்கு. என் மரத்தோட இடம் எனக்குத் தெரியும். மேப்பு வந்த அன்னைக்கு ரெண்டு மரத்த வச்சுப் பாத்திருந்தாலே புரிஞ்சிருக்கும். பாக்கல. இத நான் எங்க மேலிடத்துல எழுதிக் குடுக்கறேன்."

அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. அவமானமாக இருந்தது. அக்கரை மேல் பழி போட்ட நாளிலிருந்து என் தப்பை நான் சொல்ல ஒன்பது நாள் ஆனது, அவருக்கு ஒரு நிமிஷம்.

அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. அவர் அப்போதே இரண்டு போன் பேசினார். மத்தியானத்துக்குள் அவர்கள் பக்கம் நாற்பது பேரைக் காட்டுக்குள் இறக்குவதாகச் சொன்னார். இயக்குநர் மச்சினன் பக்கம் திரும்பி, "நீ இன்னைக்கே வேலைக்கு வந்துடு. மத்தவங்களுக்கு வழி காட்ட உன்ன விட்டா ஆளில்ல," என்றார். மச்சினன் தலையாட்டினான். வரைபடத்தை நான் அங்கேயே எல்லோர் எதிரிலும் இணையத்திலிருந்து எடுத்தேன். இத்தோடு முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

"ஒரு விஷயம்," என்றார் அக்கரை அம்மா. "ஒப்பந்தப்படி உங்க விசாரணைக் காகிதம் முழுசும் நேத்து எனக்கு வந்துச்சு. படிச்சேன். இவர நிறுத்தி வச்சதுக்குக் காரணம்னு ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கு. குறிப்பேட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போறார்னு. அது சரியான்னு கேட்டு முடிச்சிடுவோம், இல்லன்னா நாளைக்கு மறுபடி வரும். தம்பி, எடுத்துட்டுப் போனீங்களா?"

"போனேன் மேடம்," என்றான் மச்சினன்.

"யார் வீட்டுக்கு?"

"இவங்க வீட்டுக்குத்தான். மாமாதான் கொண்டு வரச் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை உக்காந்து ஏத்துவோம்." என்னைப் பார்த்துச் சிரித்தான். "சொல்லுங்க மாமா."

அக்கரை அம்மா திரையில் எதையோ மறுபடி படித்தார், அந்த வாக்கியத்துக்குக் கீழே இருந்த என் கையெழுத்தாகத்தான் இருக்கும். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவர் என்னைக் குத்திப் பேச விரும்பவில்லை என்று தெரிந்தது. இயக்குநர் மேசையைப் பார்த்தார். மச்சினன் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யார் எழுதினது அது?" என்றான்.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "நான்தான்," என்றேன்.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அந்த அட்டைக் கதையை இழுத்திருப்பேன், குடும்பச் சண்டையாகப் போயிருக்கும். அவன் அந்தக் காகிதத்தைக் கேட்டான். இயக்குநர் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு தடவை படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"சார், நான் வேலைக்கு வரேன்," என்றான் இயக்குநரிடம். "மரத்துக்கெல்லாம் இடம் காட்டறேன். ஒண்ணே ஒண்ணு. இனிமே நான் எடுக்கற புள்ளி எதுவும் இவர்கிட்ட போகக் கூடாது. நேரா அந்த மேடத்துக்கு அனுப்பறேன்."

"அவங்க வேற நாடுப்பா," என்றார் இயக்குநர்.

"பரவால்ல சார்."

வீட்டில் அவன் எதுவும் சொல்லவில்லை. பெட்டி இரண்டையும் எடுத்துக்கொண்டு, அக்காவிடம் வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவள் சந்தோஷத்தில் அழுதாள். நான் காப்பாற்றினேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. நானே சொல்லிவிட்டேன். அவள் கையை எடுத்தாள். "நம்ம மேசையில உக்காந்து படிச்சுக் குடுத்தவனையா?" என்று மட்டும் கேட்டாள்.

இது நடந்து நாலு மாசம் ஆகிறது. மிச்சம் நிற்கும் ஒவ்வொரு மரத்தடியிலும் இரண்டு நாட்டு ஆட்களும் முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு மரமும் விழவில்லை. பதினேழும் நிற்கிறது. பொது வரைபடம் போடும் பொறுப்பு அக்கரைக்குப் போய்விட்டது. ஆண்டறிக்கை தயாரிப்பதற்காகச் செவ்வாய்க்கிழமைதோறும் அந்த அம்மா எனக்கு ஒரு கோப்பு அனுப்புகிறார். எங்கள் பக்கத்து மரங்கள்தான், என் மச்சினன் நடந்து எடுத்த புள்ளிகள்தான். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு திசையில் நகர்த்தித்தான் அனுப்புகிறார். உண்மையான இடம் வேண்டும் என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "உங்களுக்கு அது தேவைப்படாது சார்," என்றார். கோபம் வந்தது, கோபப்பட எனக்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டேன்.

நேற்றுச் சாயங்காலம் மனைவி தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் எங்கள் வீட்டுப் பக்கமே வராமல் நாலு மாசம் ஆகிறது. சாப்பிட்டாயா என்று கேட்டாள், எந்த மரத்துக்கிட்ட இருக்கே என்று கேட்டாள். அவன் சொன்னதைக் கேட்டு, "ஓ, அங்கயா, அது ரொம்ப உள்ளயாச்சே," என்றாள். பேசி முடித்து எழுந்தபோது நான் கேட்டேன்.

"எங்க இருக்கானாம்?"

"காட்டுலதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.